‘நல்லா இருக்கு’ என்று சொன்ன குற்றம்

ராஜாங்கத்தின் மகன் பீர் குடிக்கிறான் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. குடித்த பீரைப் பற்றி அவனுக்கு ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை என்று சொல்லத்தான் இரண்டு பேர் கார் எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வந்தார்கள்.

சித்திரை வெயில். மரக்காணத்து அளங்களில் அந்த நேரத்துக்கு நிழல் என்று ஒன்று உண்டென்றால் அது அவரவர் காலடியில்தான் ஒடுங்கிக் கிடக்கும். ராஜாங்கம் வரப்பில் நின்று, வாரிய உப்பை எங்கே குவிப்பது என்று ஆட்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவன் மூக்கின் மேல் பெரிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். மற்றவன் இடது கைக்கு மாவுக்கட்டு போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரியோடு மோதியவர்கள், தண்ணீர் கேட்க வருகிறார்கள் என்று நினைத்தார்.

“வணக்கம் ஐயா. நான் அரவிந்தன், கடலோர நுரைச் சுவைஞர் பேரவையோட செயலாளர். இவர் அர்ச்சுனன், ஒழுங்கு நடவடிக்கை” என்றான் பிளாஸ்திரிக்காரன்.

“எந்தக் கட்சிப்பா அது?”

“கட்சி இல்லைங்க ஐயா. சின்னச் சின்ன எடத்துல கையால காய்ச்சுற பீரா தேடிப் பிடிச்சு, ருசி பார்த்து, எது எப்படின்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிற அமைப்பு. ரொம்ப டீசன்ட்டான எடம். உங்க பையன் கார்த்திகேசன் எங்க பயிற்சி உறுப்பினர்.”

ராஜாங்கத்தின் வீட்டுக்குள் ஒரு சொட்டு நுழைந்ததில்லை. அவருடைய அப்பா, கல்யாணப் பந்தலில் விளையாட்டாகத் தம் டம்ளரில் சாராயம் கலந்த மைத்துனரைத் தூக்கி உப்புநீர் வாய்க்காலில் எறிந்தவர். அந்த மைத்துனருக்கு அப்புறம் ஒரு கண் சரியாகத் தெரியாமல் போயிற்று. அதைக் குடும்பத்தில் யாரும் அடிதடி என்று சொல்வதில்லை. கட்டுப்பாடு என்றுதான் சொல்வார்கள்.

“குடிச்சானா?” என்றார்.

“குடிச்சது பிரச்சினையே இல்லைங்க ஐயா. குடிச்சிட்டு இன்னா சொன்னான்னு கேளுங்க.” அரவிந்தன் குரலைத் தாழ்த்தினான். “‘நல்லா இருக்கு’ன்னு சொல்லிட்டான்.”

அர்ச்சுனன் அந்தச் சொல்லைக் கேட்கச் சகியாதவனாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நல்லா இல்லியா?”

“ஐயா, பஜ்ஜி துன்றவன் சொல்ற பேச்சு அது. பெல்ஜியத்துல இருந்து வந்த பாட்டில் முன்னாடி நின்னு சொல்லலாமா? ஞாயித்துக்கெழமை விசாரணை வச்சிருக்கோம். நாக்கு பரம்பரையா வர்றது. அதனால குடும்பத்துப் பெரியவர் வந்து நிக்கணும்னு விதி. பையனுக்கு நிச்சயம் பண்றீங்களாமே, பொண்ணு வீட்டுக்கும் சொல்லிட்டோம். வானூர் தனக்கோடி ஐயா வர்றேன்னு சொல்லிட்டாரு.”

ராஜாங்கம் அப்படியே உப்புக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

தனக்கோடி சாமானியமான ஆள் இல்லை. பெண்ணைக் கொடுப்பதற்கு முன், கார்த்திகேசனின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முடி வெட்டும் கடை, டீக்கடை, ஒயின் ஷாப் வாசல் என்று மரக்காணம் முழுக்க விசாரித்தவர். ஒயின் ஷாப்பில் யாருக்கும் அந்த முகம் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான், வருகிற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். ராஜாங்கமும் நெஞ்சில் கை வைத்து, “எங்க வம்சத்துல எவனும் தொட்டதில்ல” என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

எழுந்து போகுமுன் ராஜாங்கம் கேட்டார்: “உன் மூக்கு இன்னாப்பா ஆச்சு?”

“ஆரஞ்சுத் தோலா, எலுமிச்சந் தோலான்னு ஒரு சின்ன கருத்து வேறுபாடு ஐயா.”

“இவுருக்கு?”

“நான் எலுமிச்சை” என்றான் அர்ச்சுனன் அடக்கமாக.

வீட்டில் அவர் மகன் மேல் ஓங்கிய கையை மனைவி சுலோசனா பிடித்துக்கொண்டாள். “முதுகுல அடிங்க. மூஞ்சி வேணாம். வெள்ளிக்கெழம போட்டோ எடுக்கணும்” என்றாள்.

“அப்பா, அது குடி இல்லப்பா, ரசனை” என்றான் கார்த்திகேசன். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். “மூணு மாசம் வெறும் மோந்து பார்க்கத்தான் உட்டாங்க. போன வாரந்தான் வாயில ஊத்திக்கச் சொன்னாங்க. எல்லாரும் என் வாயையே பாத்தாங்களா, பயத்துல அதான் வந்துச்சு.”

“மோந்து பாக்க மூணு மாசமாடா?”

“அரவிந்தன் சார் ஒரு வருசம் மோந்தாரு.”

ஞாயிற்றுக்கிழமை ராஜாங்கம் சலவை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு போனார். அவர் திட்டம் எளிமையானது. மகனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது. தனக்கோடியிடம், சேர்க்கை சரியில்லாமல் போயிற்று, இனிமேல் நடக்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது.

கூட்டம் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டின் அரங்கில் நடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை, துடைப்பத்தோடு நின்ற மேரிசெல்வி தடுத்தாள். பக்கத்துக் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா ராஜாங்கத்தின் அளத்தில் உப்பு வாரியவர்.

“கழட்டாதீங்க பெரியவரே. கீழ பூரா கண்ணாடி. போன வாரம் ஒரு பல்லு கெடச்சுது. யாருதுன்னு எல்லார் கிட்டயும் கேட்டேன், ஒருத்தரும் வாங்கிக்கல.”

உள்ளே, உடம்பில் எங்கேயாவது ஒரு கட்டு இல்லாதவர்களைத் தேட வேண்டியிருந்தது. தலைக்கட்டு, கால்கட்டு, கழுத்துப் பட்டை, ஊன்றுகோல். பேரவையில் எவ்வளவு மூத்தவரோ அவ்வளவு கட்டு. தனக்கோடி முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். “வாங்க” என்றார். சம்பந்தி என்று சேர்க்கவில்லை. ராஜாங்கத்துக்கு அந்த ஒரு சொல் குறைந்ததே செருப்படி போல இருந்தது.

தலைவர் ஜான்சன் மேடையேறினார். கப்பல் கம்பெனியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் எழுந்து காலிக் கோப்பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு உறுப்பினருக்காக முதலில் மௌனம் காத்தார்கள். போன மாதம் கறுப்பு பீர் ஒன்றில் காபி வாசனை வருகிறது என்று அவர் சொல்ல, மற்றவர்கள் கோகோ என்று சொல்ல, அவருக்கு இரண்டு விலா எலும்பு போயிற்று.

“நேத்து போய்ப் பார்த்தேன்” என்றார் ஜான்சன். “இன்னமும் காபின்னுதான் சொல்றாரு.”

அரங்கம் கண் கலங்கக் கை தட்டியது. ஒரு கையில் கட்டுப் போட்டவர்கள் தொடையில் தட்டினார்கள்.

பிறகு வினோதினி என்ற பெண்மணி விதிகளை ஒப்பித்தாள். பேரவையின் முதன்மை மூக்கு அவள்தான். “கருத்து வேறுபாடுகள் கண்ணியமாகத் தீர்க்கப்படும். காலி பாட்டிலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நிரம்பிய பாட்டிலை ஓங்குவது சரக்கை வீணாக்கும் செயல். வாயில் பீர் இருக்கும்போது ஒருவரை அடிக்கக் கூடாது. விழுங்கிய பிறகு அடிக்கலாம்.”

“ஆமென்” என்று யாரோ பழக்க தோஷத்தில் சொன்னார்கள்.

அன்றைய சிபாரிசுப் பாட்டில் வந்தது. மலைப் பிரதேசத்தில் ஒரு கொட்டகையில் காய்ச்சியதாம். அதைக் கொண்டுவந்தவர் குழந்தையின் பால் புட்டிப் பையில் ஒளித்து எல்லைச் சோதனையைத் தாண்டியதைச் சொன்னபோது எல்லாரும் மெச்சினார்கள். அரவிந்தன் ஒரு வாய் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பி, விழுங்கினான்.

“மழை பேஞ்சு முடிஞ்ச சிமெண்ட் ரோடு” என்றான்.

“ரோடு இல்ல. மொட்டை மாடி” என்றாள் வினோதினி.

“ரோடுங்க. நடுவுல லேசா ஈரக் கோணி வருது பாருங்க.”

“கோணி காயப்போட்டிருக்கறதே மாடியிலதான்.”

“ரோடு.”

அவன் இன்னொரு வாய் எடுத்தான். வினோதினி காத்திருந்தாள். அவன் தொண்டை ஏறி இறங்கியதை உறுதி செய்துகொண்டு, பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தட்டால் முகத்தில் அடித்தாள். சத்தம் கோயில் மணி போல நின்று ஒலித்தது. பழைய பிளாஸ்திரிக்கு அடியிலிருந்து புது ரத்தம் இறங்கியது. அரவிந்தன் மேசையைப் பிடித்துக்கொண்டு சரிந்து, தரையில் கிடந்தபடி, “ரோடு” என்றான். அர்ச்சுனன் வந்து, மாவுக்கட்டுக் கையாலேயே அவன் தலையில் ஒன்று போட்டு, காலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனான். மேரிசெல்வி பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனாள்.

ராஜாங்கம் தம் வாழ்நாளில் வரப்புத் தகராறில் மண்டை உடைந்ததைப் பார்த்திருக்கிறார். பங்காளிச் சண்டையில் கை போனதைப் பார்த்திருக்கிறார். ஈரச் சிமெண்டுக்காக ஒருவன் ரத்தம் சிந்துவதை இப்போதுதான் பார்த்தார். தனக்கோடியின் பக்கம் குனிந்து, “போயிடலாங்களா?” என்றார்.

“இருங்க. விசாரணை முடியட்டும்” என்றார் தனக்கோடி. அவர் கண்கள் தட்டின் மேலேயே இருந்தன.

ஜான்சன் உரையைத் தொடங்கினார். “நண்பர்களே, ஊர்ல நம்மள குடிகாரங்கன்னு சொல்றாங்க. குடிகாரன் இன்னா பண்ணுவான்? குடிச்சிட்டுப் போய் வீட்ல பொண்டாட்டிய அடிப்பான். நாம என்னைக்காவது அப்படிச் செஞ்சிருக்கோமா? நாம இங்கயே அடிச்சிக்கிறோம். அதுவும் காரணத்தோட அடிக்கிறோம். நாகரிகம்னா இன்னா? அடிக்கறதுக்கு முன்னாடி யோசிக்கறது. இவன் சொன்னது எலுமிச்சையா, நார்த்தங்காயான்னு யோசிச்சு, அப்புறம் அடிக்கிறோம்.”

நல்ல கைதட்டல். கார்த்திகேசனை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

“‘நல்லா இருக்கு’ன்னு சொன்னியா?”

“சொன்னேன் சார்.”

“எது நல்லா இருக்கு? தொடக்கமா, நடுவா, முடிவா?”

“மொத்தமா சார்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து கார்த்திகேசனின் தோளில் பட்டு விழுந்தது. ஒருவர் தமது ஊன்றுகோலைச் சுழற்றிக்கொண்டு மேடையை நோக்கி வந்து, ஊன்ற ஒன்றும் இல்லாமல் நடுவழியில் விழுந்தார். ஜான்சன் மரச் சுத்தியலால் மேசையைத் தட்டினார். அது கேட்காமல் போகவே முன்வரிசையில் இருந்த ஒருவரின் முழங்காலில் தட்டினார். அமைதி வந்தது.

“தீர்ப்பு. இந்தக் குடும்பத்து நாக்கு செத்த நாக்கு. பரம்பரையாவே மரத்துப்போன நாக்கு. இத எல்லா ஊர் பேரவைக்கும் தெரியப்படுத்திடலாம்.”

மகனின் காதைப் பிடிக்க எழுந்த ராஜாங்கத்தின் கை அந்தரத்தில் நின்றது.

“யார் குடும்பத்து நாக்கு?” என்றார்.

“உங்க குடும்பத்துது ஐயா.”

“யோவ், நாலு தலைமுறையா உப்பு வெளைக்கிற வீடுய்யா. எங்க நாக்கப் பத்தி நீ பேசறியா?”

அப்போது தனக்கோடி எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பையன் குடிச்சான்னு கேட்டப்ப எனக்கு வருத்தந்தான்” என்றார் தனக்கோடி. “வயசுப் பையன், அடிச்சித் திருத்திக்கலாம். ஆனா நாக்கு செத்த வீட்ல பொண்ண எப்பிடிங்க குடுக்கறது? என் பொண்ணு மீன்கொழம்பு வச்சா சுத்துப்பட்டுல பேரு. அதப் போயி ஒண்ணும் வெளங்காதவன் தட்டுல ஊத்தச் சொல்றீங்களா? இது முடிவாவாம வெள்ளிக்கெழம தாம்பூலம் இல்லீங்க.”

ஜான்சன் கருணையோடு சிரித்தார். ஒரு கோப்பையில் பீரை ஊற்றி, நுரை அடங்கும்வரை பொறுத்து, ராஜாங்கத்தின் முன் வைத்தார். “மேல்முறையீட்டுக்கு வழி இருக்குதுங்க. குடும்பத் தலைவர் ஒரே ஒரு வாய் ருசி பார்த்து, சரியாச் சொல்லிட்டாருன்னா தீர்ப்பு ரத்து.”

“ஒரு வாய்தானே” என்றார் தனக்கோடி.

ராஜாங்கம் கோப்பையைப் பார்த்தார். குடித்தால் அப்பாவின் பெயர் போயிற்று. குடிக்காவிட்டால் மகனின் கல்யாணம் போயிற்று, அதோடு வம்சத்தின் நாக்கும் போயிற்று. மாலைக் காற்றில் அந்தச் சனியன் பிடித்த நுரை கடல் நுரை போலவே மின்னியது. அவர் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என் வாயில இது படாது” என்றார் கடைசியில்.

“நீங்க எதுக்குப் பயப்படறீங்கன்னு எனக்குப் புரியுது” என்றார் ஜான்சன், நோயாளியிடம் பேசுகிற டாக்டர் போல. “பக்கத்துக் குப்பத்துல கள்ளச்சாராயம் குடிச்சுச் செத்தாங்களே, அத நெனச்சிக்கிறீங்க. அது வேறங்க. அவங்களுக்கு ரசனை கெடையாது. மடக்கு மடக்குன்னு ஊத்திக்கிட்டாங்க. நம்மள மாதிரி நாக்குல கொஞ்சம் நிறுத்திப் பார்த்திருந்தா, முடிவு சரியில்லையேன்னு தெரிஞ்சிருக்கும். சாராயம் சாகடிக்கலைங்க. ருசி தெரியாததுதான் சாகடிச்சுது.”

அரங்கம் சிரித்தது. ஒருவர், “முடிவு ரொம்பக் குட்டை போல” என்றார். இன்னும் சிரிப்பு.

மேரிசெல்வியின் துடைப்பம் நின்றது. அந்தச் சாவுகளில் ஒன்று அவள் தம்பியுடையது. ராஜாங்கம் அன்றைக்கு அந்தக் குப்பத்தில் வீடு வீடாகப் போய் நின்றவர். எந்த வீட்டுப் பாடைக்கு முதலில் தோள் கொடுப்பது என்று தெரியாமல் நின்றவர். அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் மேடையைப் பார்த்தார். அங்கே கார்த்திகேசனும் சிரித்துக்கொண்டிருந்தான். தலைவர் சொன்னதற்குச் சிரிக்க வேண்டும் என்று மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்ட சிரிப்பு.

ராஜாங்கம் மேடையேறியதை யாரும் தடுக்கவில்லை. வயதுக்கு மீறிய வேகம். உப்புப் பலகை பிடித்துக் காய்த்த கை. அறை விழுந்த சத்தத்தில் வெளியே தென்னை மரத்துக் காகங்கள் எழும்பின. கார்த்திகேசன் மேசையோடு சாய்ந்து, கோப்பைகளைச் சரித்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லுகளின் மேல் விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது.

“சிரிக்கிறியாடா, நாயே! செத்தவங்களப் பேசினா சிரிக்கிறியா!”

கார்த்திகேசன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். நாக்கை வெளியே நீட்டி உதட்டைத் தொட்டான். கண்ணை மூடினான். கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தான். பிறகு விழுங்கினான்.

“மொதல்ல உப்பு” என்றான். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. “நம்ம கடைசிப் பாத்தி உப்பு. உடனே இரும்பு வருது. துருப்பிடிச்ச கெணத்து வாளி. நடுவுல பொகையில… அப்பா போடறது. அதுக்கடியில ஒரு கசப்பு. அது எனக்குச் சின்ன வயசுல இருந்து தெரியும், இன்னான்னுதான் சொல்லத் தெரியாது. முடிவு நீளம் சார். ரொம்ப நீளம். காது வரைக்கும் போவுது. இன்னும் முடியல.”

மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. எழ முடியாதவர்களைப் பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். வினோதினி விம்மினாள். ஓரத்தில் மயங்கிக் கிடந்த அரவிந்தன் கண் திறந்து, “துருப்பிடிச்ச வாளி… இன்னா ஒரு நாக்கு” என்றான். ஜான்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“தீர்ப்பு ரத்து. பேரவை ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு வருணனை நான் கேட்டதில்ல. பையன் இன்னையிலருந்து முழு உறுப்பினர்.”

“யோவ்!” என்று கத்தினார் ராஜாங்கம். “நீங்க செத்தவங்கள நக்கல் பண்ணீங்க. அதுக்குச் சிரிச்சான், அடிச்சேன். புரியுதா உங்களுக்கு?”

“கோபம்!” என்றார் ஜான்சன் பரவசமாக. “அந்த அடிக்கசப்பு இன்னான்னு தெரியலன்னானே, அது கோபங்க. எழுதிக்கோம்மா வினோதினி. பெரியவரே, இத எத்தன வருசமா உள்ள வச்சிருந்தீங்க? இவ்வளவு முதிர்ச்சி சும்மா வராது.”

பேச்சு நுழையாத இடத்தில் கை நுழையும் என்பது ராஜாங்கத்தின் வீட்டுக் கட்டுப்பாடு. அவர் கை மறுபடி ஓங்கியது. ஜான்சன் ஓடவில்லை. கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, வாயை நீரால் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் வினோதினி நின்றாள். அவளுக்குப் பின்னால் அர்ச்சுனன். வரிசை மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளைச் சுற்றி, வாசல்வரை போயிற்று.

மேரிசெல்வி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அருகில் வந்தாள். “பெரியவரே, தலைவருக்கு மட்டும் ரெண்டாப் போடுங்க” என்றாள்.

ராஜாங்கம் இரண்டாகப் போட்டார். முதல் அறையில் ஜான்சனின் பொய்ப்பல் வெளியே வந்தது. இரண்டாவதில் அவர் முழங்கால் மடங்கியது. “ரெண்டாவதுல கொஞ்சம் வெந்தய வாசனை” என்று அவர் தரையிலிருந்து சொன்னார். வினோதினி வெந்தயம் இல்லை, வேப்பம்பூ என்று மறுத்தாள். ராஜாங்கம் பெண்பிள்ளை என்று தயங்கினார். அவள் விதிப்படி நிற்பதாகச் சொல்லவே தலையில் ஒரு குட்டோடு விட்டார். ஆண்களை அவர் விடவில்லை. வலது கை சிவந்து வீங்கியபோது இடது கைக்கு மாறினார். ஒவ்வொருவரும் விழுந்து, எழுந்து, கண்ணை மூடி, நன்றி சொல்லி, தாம் கண்டதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் அடித்த அடியில் ஒன்று கூட அவர்கள் மேல் அடியாக விழவில்லை.

வரிசையின் கடைசியில் தனக்கோடி நின்றார்.

ராஜாங்கம் கையைத் தாழ்த்தினார். “இன்னாங்க நீங்களும்? போய் உக்காருங்க. நான் போய் சம்பந்திய அடிப்பனா?”

தனக்கோடி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தக் கருமத்த நான் தொட மாட்டேங்க. அதுல சாராயம் இருக்குது. இதுல இல்லியே? உங்க நாக்கும் தெரிஞ்சிடுச்சி, இந்த எடத்துக்கே குடுக்கறதுன்னு மனசுலயும் முடிவு பண்ணிட்டேன். ஆனா வெள்ளிக்கெழம தாம்பூலம் மாத்திட்டா, அப்புறம் ஆயுசுக்கும் நீங்க என் மேல கை வைக்க முடியாது. மொறை ஒத்துக்காது. இன்னைக்கு நமக்குள்ள ஒண்ணுமில்ல. பண்றத இன்னைக்கே பண்ணிடுங்க.”

ராஜாங்கம் யோசித்தார். தனக்கோடி சொன்னதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. முறையும் சரியாகத்தான் இருந்தது. போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஒயின் ஷாப் வாசலில் தம் வம்சத்தை விசாரித்துக்கொண்டு நின்ற காட்சி அவர் கண்முன் வந்தது.

தனக்கோடி கன்னத்தைத் திருப்பினார். ராஜாங்கம் அவர் மூக்குக் கண்ணாடியைத் தாமே பக்குவமாகக் கழற்றி, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தார். பெண் கொடுக்கிறவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒன்று இருக்கிறது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.